சேலத்தில் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு: மெதுவாக, ரொம்ப மெதுவாக

ஓட்டம் காசு செலவில்லாத பொழுதுபோக்கு என்பார்கள். முதல் வருஷத்துக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கிய ஷூ ஐயாயிரம். அது ஒத்துக்கொள்ளாமல் வாங்கிய அடுத்த ஷூ நாலாயிரம். கால்வலிக்கு டாக்டர் ஃபீஸ், எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் சேர்த்து இரண்டாயிரம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று எம்ஆர்ஐ ஏழாயிரம். பிசியோதெரபி ஒரு சிட்டிங் நானூறு வீதம் இன்னொரு நாலாயிரம். ஓடாமல் வீணாய்ப் போன மாசங்களுக்கு ரசீது கிடையாது. ஓட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வரும் எரிச்சலை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்தச் செலவில் முக்கால்வாசி ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். ஓட ஆரம்பித்தால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசை அதற்குப் பின்னால் வரும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். இடையில் இருக்கிற அந்த நாட்களில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும், எலும்புக்கு வாயில்லை.

முதல் மாசத்தில் இருந்து வருவோம். காந்தி ஸ்டேடியமோ, வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜ் மைதானமோ, மண் தரையாக இருந்தால் நல்லது. முதல் வாரம் ஐந்து நிமிஷம் வேக நடை, பிறகு ஒரு நிமிஷ ஓட்டம், இரண்டு நிமிஷ நடை. இதையே எட்டுத் தடவை. கடைசியில் ஐந்து நிமிஷ நடை. மொத்தம் 34 நிமிஷம். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் இரண்டுக்கு இரண்டு, அதற்கடுத்த வாரம் மூன்றுக்கு இரண்டு என்று ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒன்பது, பத்து வாரத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடினால் போதும். கேட்கும்போது சிரிப்பு வரும், ஒரு நிமிஷம் ஓடுவதற்கா ஷூ என்று. அந்தச் சிரிப்பு வருகிற ஆட்களுக்குத்தான் கால் போகிறது. ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி ஓடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரிலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். புதிதாக ஓடுகிறவருக்கு இது கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிஷம் வரைகூட இறங்கும். பக்கத்தில் வேகமாக நடக்கும் பெரியவர் தாண்டிப் போவார். போகட்டும். ஓட்டத்தின் சுகம் என்று சொல்லப்படுவது எல்லாமே இந்த வேகத்தில்தான் கிடைக்கிறது. மூச்சிரைக்க ஓடினால் எப்போது முடியும் என்ற நினைப்பு மட்டும்தான் இருக்கும். டிராக்கில் ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. முழு அளவு டிராக்கில் 400 மீட்டர் என்பது உள்லேனுக்கு மட்டும். எட்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். வெளியில் ஓடி பத்துச் சுற்றை நாலு கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டால், உண்மையில் நாலரை ஓடியிருக்கிறீர்கள். இப்படித்தான் தெரியாமலே தூரம் கூடுகிறது. எப்போதும் இடதுபக்கமே திரும்பி ஓடுவதால் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி சுமை விழுவதில்லை. ஆளில்லாத நேரத்தில் சில சுற்று எதிர்ப்பக்கம் ஓடுங்கள்.

மூன்றாவது, நாலாவது வாரத்தில் நல்லதெல்லாம் ஒவ்வொன்றாக வரும். படுத்தவுடன் தூக்கம். மாடிப்படி ஏறி, மேலே போன பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பது உறைக்கும். காலையில் எழுந்து படுக்கையிலேயே மணிக்கட்டில் விரலை வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். சில மாதங்களில் அந்த எண் மெல்லக் குறைவதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. ஒருநாள் அது வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் சரியான தூக்கம் இல்லை, அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அன்றைக்கு ஓட வேண்டாம். ஓடி முடித்தபின் மனசு லேசாகிறதே, அதற்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது என்பதால், உடம்பே சுரக்கும் எண்டோகன்னபினாய்டு என்ற பொருட்கள்தான் காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் எதுவானாலும், காலையில் ஓடிவிட்டு ஆபீஸ் போகிற அன்றைக்கு யார் மேலும் கோபம் வருவதில்லை.

பிரச்சினையும் இந்தச் சந்தோஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஐந்து, ஆறாவது வாரத்தில் மூச்சு சுலபமாகிவிடும். மூன்று நாள் ஐந்து நாளாகும், இரண்டு கிலோமீட்டர் ஐந்தாகும். ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்ஓரத்தில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே சுளீர் என்று இருக்கும். ஓட ஆரம்பித்ததும் வலிக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும், ஓடி முடித்தபின் மறுபடி வரும். ஷின் ஸ்பிளின்ட் என்பது இதுதான். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை காலில் விழுகிறது. எலும்பு அதற்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு இடைவெளி வேண்டும். இடைவெளி கொடுக்காமல் தூரத்தைக் கூட்டினால் மேல்பரப்பில் எரிச்சல். அப்போதும் நிறுத்தாவிட்டால் மெல்லிய விரிசல்.

எரிச்சலா விரிசலா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கட்டைவிரலால் எலும்பு ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எரிச்சல். காசு அளவு இடத்தில் மட்டும் தொடமுடியாதபடி வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் அதே இடத்தில் குத்தினாலோ விரிசலாக இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்" என்ற நிம்மதியில் மறுபடி இறங்கினால்தான் விஷயம் பெரிசாகிறது. அதேபோல, பரவலான வலிக்கு எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ தேவைப்படுவதும் அபூர்வம். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தால், "இரண்டு வாரம் ஓய்வு எடுத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாமா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். டாக்டர் காரணம் சொன்னால் எடுங்கள். வைட்டமின் டி, கால்சியம் ரத்தப் பரிசோதனை அதைவிடச் செலவு குறைவு. நம் ஊரில் இவ்வளவு வெயில் இருந்தும் வைட்டமின் டி குறைவு சாதாரணமாக இருக்கிறது.

எரிச்சல்தான் என்றால், நடக்கும்போது வலி முழுக்கப் போகும்வரை ஓட்டம் கிடையாது. சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். வலி அடங்கியதும் படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சி: முழங்காலை நேராக வைத்து 15 தடவை, லேசாக மடக்கி 15 தடவை, இப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மடக்கிச் செய்வது ஆடுசதையின் உள்ளடுக்குக்கு. ஓடும்போது அதிகம் உழைப்பது அதுதான், எல்லோரும் விட்டுவிடுவதும் அதைத்தான். திரும்ப ஓடும்போது பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள். வலிக்கு பத்துக்கு மார்க் போட்டால் ஓடும்போது இரண்டு வரை பொறுக்கலாம், மறுநாள் காலையில் அது கூடியிருக்கக் கூடாது. அடி வைப்பதையும் கவனியுங்கள். பாதம் முழங்காலுக்கு முன்னால் தள்ளி விழுந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி. வலதுகால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். 150 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் சிறிசாக்கி 160 பக்கம் கொண்டுவரப் பாருங்கள். சுமை கண்ணுக்குத் தெரியாமல் குறையும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஷூவுக்கு வருகிறேன். பாதத்தின் வளைவைப் பார்த்து இன்ன ஷூதான் என்று கடையில் சொல்வதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. போட்டவுடன் சுகமாக இருக்கிறதா என்பதுதான் முதல் பரீட்சை. சாயங்காலமாகப் போங்கள், பகல் முழுக்க நின்றபின் பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். ஓடும்போது போடப்போகும் சாக்ஸோடு போட்டு, நின்றபடி பார்க்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். குதிகால் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அப்படி வந்தால் மேலே காலியாக விடும் கடைசி ஓட்டையில் கயிற்றைக் கோத்து, இரண்டு பக்கமும் சின்ன வளையம் போட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டில் தயாரித்த மாதமும் வருஷமும் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்பது சிலசமயம் மூன்று வருஷம் கிடந்த சரக்கு, நுரை இறுகிப்போயிருக்கும். மூவாயிரத்தில் இருந்து நாலாயிரத்துக்குள் ஓட்டத்துக்கென்றே செய்த ஷூ கிடைக்கிறது, அதற்குமேல் புதியவருக்குத் தேவையில்லை. ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர். அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போனால் சீக்கிரம் போய்விடும்.

சேலத்து வெயிலுக்குப் புத்தகத் திட்டம் எதுவும் ஒத்துவராது. மே மாதத்தில் விடியற்காலையே 26, 27 டிகிரி, ஆறு மணிக்கு முன்னாலேயே வெளிச்சம் வந்துவிடும். ஐந்து மணிக்கு ஓட்டத்தை ஆரம்பித்துவிட வேண்டும், அதே வேகத்துக்கு நாடி பத்து பதினைந்து கூடவே இருக்கும். வேகத்தைக் குறையுங்கள், குறைபட்டுக்கொள்ள வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதற்குச் சுலபக் கணக்கு உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈரத்துணி இல்லாமல் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் வேர்வை. அரைமணி ஓட்டத்துக்கு வீட்டுக்கு வந்து குடிக்கும் தண்ணீரும் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோரும் போதும், நீராகாரம் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மணிநேரத்தைத் தாண்டினால்தான் ஓஆர்எஸ் யோசனை. அந்தப் பொட்டலத்தை அதில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஓடும்போது குளிர் எடுத்தால், பேச்சு குழறினால், தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து உடம்பில் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். ஆள் குழப்பமாகப் பேசினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-க்குப் போன். நெஞ்சுவலிக்காரர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், நாற்பதைத் தாண்டி இதுவரை எதுவும் செய்யாதவர்கள் ஓடத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுவது உத்தமம்.

ரோட்டில் ஓடுவதானால் வலதுபக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் வரும் பால் வண்டியை நம்ப முடியாது. ரோட்டின் ஓரம் சரிந்திருக்கும், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில். அதனால் வாரத்தில் ஒருநாளாவது சமதரை. மூக்கனேரி கரைப்பக்கம், கோரிமேட்டிலிருந்து ஏற்காடு மலையடிவாரம் போகும் வழி, குரும்பப்பட்டி பக்கம் எல்லாம் விடியற்காலையில் நன்றாக இருக்கும். நாய் துரத்தினால் ஓடுவதை நிறுத்துங்கள், ஓடுகிறவரைத் துரத்துவதுதான் அதற்குப் பிடித்த விளையாட்டு. கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். கல்லெடுப்பது போலக் குனிந்தால் பெரும்பாலான நாய்கள் விலகிவிடும். கடித்துவிட்டால், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த டோஸ் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

எங்களைப் போன்ற பெண்களுக்குக் கூடுதலாகச் சில. ஷூவில் ஆயிரம் குறைத்தாலும் ஓட்டத்துக்கான உள்ளாடையில் குறைக்க வேண்டாம். இரண்டு தடவை குதித்துப் பார்த்து வாங்குங்கள், அடிப்பட்டை இறுக்கமாக, இரண்டு விரல் மட்டும் நுழையும்படி. பருத்தி நனைந்தால் தோலை அறுக்கும். அக்குள், தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொண்டு போனால் குளிக்கும்போது அலற வேண்டியிருக்காது. ஆண்களுக்கும் பனியன் உரசி மார்க்காம்பில் ரத்தம் வரும், வெட்கப்படாமல் பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் மூச்சு வாங்குகிறது என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. "உனக்கு ஸ்டாமினா இல்லை" என்று வீட்டில் கிண்டல் செய்கிறவர்களிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டலாம். முறைத்துப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு பேராகப் போனால் பாதிப் பிரச்சினை தீரும், தினமும் அதே நேரத்துக்குப் போனால் டீக்கடைக்காரரே அண்ணன் மாதிரி ஆகிவிடுவார்.

எடை குறையுமா என்று கேட்பார்கள். கிலோமீட்டருக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. எழுபது கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 350. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். திரும்பி வரும்போது சாயங்காலமாக இருந்தால் தட்டுவடை செட் வேறு கூப்பிடும். எடைக்காக மட்டும் ஓடுகிறவர்கள் மூன்றே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வேறு லாபங்கள்தான் தொடர வைக்கின்றன. அம்மாப்பேட்டைப் பக்கம் விடியும் முன்னே கேட்கும் தறிச் சத்தம், பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப் போகும் டிவிஎஸ் வண்டிகள், மழை பெய்த மறுநாள் சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பது. இருபது வருஷம் இதே ஊரில் குடியிருந்தும் பைக்கில் போகும்போது எதுவும் கண்ணில் படாது.

அந்த மலையைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் ஏற்காடு வரை ஓடியே ஏறலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இருபது கொண்டைஊசி வளைவு. ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகிய கால்களுக்கு இது வேண்டாம். முதலில் பஸ்ஸில் ஏறிப்போய் மேலே ஓடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் சேலத்தைவிட எட்டு டிகிரி குளிர்ச்சி. ஏரியைச் சுற்றி, பிறகு காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோடு, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் நிழல். சேலத்தில் மூச்சு வாங்கிய அதே வேகம் அங்கே சும்மா வரும், அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள், சமதரை என்பதே அங்கே கிடையாது. விலாசம் சொல்லும் பரீட்சையில் தோற்றால் நடங்கள். மேட்டில் நடப்பவர்தான் கடைசிவரை போகிறார். காட்டெருமை கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள், போட்டோ வேண்டாம். குரங்குக்கு முன்னால் பிஸ்கட் பாக்கெட்டை எடுக்காதீர்கள்.

ஆறேழு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு, அடிவாரத்தில் இருந்து முதல் மூன்று நாலு வளைவு வரை ஏறிப் பார்க்கலாம். விடியற்காலையில், பளிச்சென்ற நிறச் சட்டையோடு. வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. ஆனால் கண்மறைவான வளைவில் ஓடாமல், எந்தப் பக்கம் நின்றால் இரண்டு திசை வண்டிக்கும் நீங்கள் தெரிவீர்களோ அந்தப் பக்கமாக நடந்து கடக்க வேண்டும். மழைக்காலத்தில் கல் உருளும், அப்போது போகவே வேண்டாம். ஏறுவதில் மூச்சுதான் போகும், இறங்குவதில்தான் கால் போகும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, நாரில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டும். ஷூ ஒரு நூல் சின்னதாக இருந்தாலும் விரல்நுனி முட்டி நகம் கறுத்துவிடும். நகத்தை முதல்நாளே வெட்டி, கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கி, அடியைச் சிறிசாக வைத்து இறங்குங்கள். முதல் சில தடவை ஏறுவதோடு நிறுத்திக்கொண்டு கீழே வரும் பஸ்ஸைப் பிடியுங்கள். டிக்கெட் காசைப் பாக்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வேர்வையில் நோட்டு நைந்துபோனால் கண்டக்டர் வாங்கமாட்டார்.